களிப்பும் கண்டிப்பும்

சென்ற மாதம் ஒரு மாலை, திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் சிதம்பரம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் நாம் ஏறினோம். பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள் அமர்ந்திருந்தனர். மஞ்சக்குப்பத்தில் தங்கள் அணி ஆடிய கால்பந்துப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். அணி தோற்றுவிட்டது என்பதை அவர்கள் முகமே சொல்லிற்று. ஆனால் வண்டி சிறிது தூரம் போகுமுன் தோல்வியைப் பற்றிய பேச்சு முடிந்து, அதைவிடச் சூடான வேறொரு வாதம் தொடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். முதற் பாதியில் அவர்களுடைய அணி ஒரு கோல் போட்டது. போட்ட வாலிபர் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றியவாறு, எதிரணியின் ரசிகர்கள் நின்ற பக்கமாக ஓடினார். அவர்கள் முன்னே நின்று, காதில் கை வைத்து, "இப்போது கத்துங்கள் பார்க்கலாம்" என்பதுபோல் சைகை காட்டினார். நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டினார். பிற்பாதியில் அதே வாலிபர் எதிரணி வீரர் ஒருவரை முரட்டுத்தனமாகத் தடுத்து இரண்டாவது மஞ்சள் அட்டையும் பெற்று வெளியேறினார். எஞ்சிய பத்துப் பேர் களைத்துப் போயினர். இரண்டு கோல் விழுந்தது; பந்தயம் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் அணியின் பயிற்சியாளர், சுற்றி நின்ற எல்லோரும் கேட்கும்படி பேசினாராம். நடுவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை; கடைசி இருபது நிமிஷம் ஓடுவதற்கு நம்மவர்களிடம் மூச்சு இல்லை; அதற்குரிய பயிற்சியைத் தாம் அளிக்கவில்லை; கழற்றிய சட்டைக்குரிய விலையைப் பதினொருவரும் சேர்ந்து கொடுத்தோம் என்று அவர் கூறினாராம்.

"வீட்டுக் குற்றத்தை வீதியில் வைத்துச் சொல்லலாமா?" என்றார் ஒரு மாணவர். "அவர் சொன்னதில் பொய் எது? அதைச் சொல்லு முதலில்" என்றார் மற்றொருவர். "கோல் போட்டவன் குதிக்காமல் கை கட்டிக்கொண்டா நிற்பான்?" என்று கேட்டார் அரும்பு மீசைக்காரர் ஒருவர். எதிர்ப்பலகையில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பின்னர் அறிந்தோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். சட்டையைக் கழற்றிய வாலிபரும் அதே பெட்டியில் ஜன்னலோரம் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

பந்தாட்டத்தைப் பற்றிய வெறும் பேச்சு இது என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். தலைவனாக இருப்பவன் தன் கூட்டத்தாரின் குறையை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லலாம்? வென்றவன் தன் வெற்றியை எவ்வளவு தூரம் கொண்டாடலாம்? பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் நாள்தோறும் எதிர்ப்படும் கேள்விகள் அல்லவா இவை? தேர்தல் முடிவு வந்த அன்று தோற்றவர் வீட்டு வாசலில் வெடி கொளுத்துவோரை நாம் அறிவோம். தோல்விக்குத் தம்மைத் தவிர எல்லோரையும் காரணம் காட்டும் தலைவர்களையும் அறிவோம்.

முதலில் பயிற்சியாளரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவர் ஒருவரும் இல்லாவிடினும் கெட்டுப்போவான் என்பது வள்ளுவர் கருத்து. மன்னனுக்கே இது பொருந்துமாயின் மைதானத்து வாலிபனுக்குப் பொருந்தாதா? நமது தேசத்துக் கால்பந்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

1952ஆம் வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் யூகோஸ்லாவியாவிடம் இந்திய அணி 10-1 என்ற கணக்கில் தோற்றது. நம்மவர் பலர் அன்று பூட்ஸ் இன்றி வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்கால் ஆட்டம் நமக்கு ஒரு பெருமையாகவே அதுவரை இருந்தது. 1911இல் வெள்ளையரை வெறுங்காலால் வென்ற நினைவு அதனுடன் கலந்திருந்தது. அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டு, குளிரின்மீதும் ஈரத் தரையின்மீதும் பழி போட்டுவிட்டு இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. காலம் மாறிவிட்டது என்ற கசப்பான உண்மையை ஒப்புக்கொண்டனர்; பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி வந்தது. ஹைதராபாத் ஆசிரியர் சையது அப்துல் ரஹீமே ஹெல்சிங்கியிலும் பயிற்சியாளர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மெல்போர்னிலும் அவரே பயிற்சியாளர். 1956இல் அந்த மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. தோல்வியை மறைத்திருந்தால் அந்த நான்காம் இடம் கிடைத்திராது.

ஆயினும் வெளிப்படைப் பேச்சு என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே தரத்தது அன்று. பேசுகிறவன் தன்னை எங்கே நிறுத்திக்கொண்டு பேசுகிறான் என்பதே உரைகல். இந்திய அணிக்கு 2019 முதல் பயிற்சியாளராக இருந்த குரோவேஷியர் இகோர் ஸ்டிமாச், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணி தவறிய பிறகு 2024 ஜூன் மாதம் பதவி நீக்கப்பட்டார். நீக்கப்பட்டதும் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகத்தையும் அதன் தலைவரையும் கடுமையாகத் தாக்கினார். அவர் கூறியவற்றில் உண்மை இருக்கலாம். அதை ஆராய்வது அவசியமே. ஆனால் பதவி போன மறுநாள் பிறக்கும் உண்மைக்கு, பதவியில் இருக்கையிலே பிறந்த உண்மைக்குரிய எடை இல்லை. ஜனங்கள் இதை நன்றாக அறிவார்கள்.

உண்மைக்கு ஒரு விலையும் உண்டு. சில சமயம் அதைச் சொன்னவனுக்குப் பதிலாக மற்றவர்கள் செலுத்த நேரும். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது, இஸ்ரேலையும் தைவானையும் வரவொட்டாமல் தடுத்தது விழாவின் விதிகளுக்கு முரண் என்று நமது நாட்டைச் சேர்ந்த ஜி. டி. சோந்தி வெளிப்படையாகக் கூறினார். அந்த ஊர் ஜனங்கள் கொதித்தெழுந்தனர். இந்திய ஸ்தானிகர் காரியாலயம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4ஆம் தேதி கால்பந்து இறுதி ஆட்டத்தில் நமது அணி களம் புகுந்தபோது, பெருங்கூட்டம் முழுவதும் இரைந்து எதிர்த்தது. பேசியவர் ஒருவர், வசை கேட்டவர் பதினொருவர். ஜர்னைல் சிங் தலையில் தையலுடன் ஆடினார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் கொண்டுவந்தனர். அணியைப் பழக்கிய ரஹீம் அப்போது நோயால் உருகிக்கொண்டிருந்தார்; அடுத்த ஆண்டு காலமானார். சோந்தி பேசியிருக்கக் கூடாதென்று நாம் சொல்ல மாட்டோம். சொல்லவேண்டியதைச் சொல்லுமுன் அதன் பாரம் யார் தலையில் விழும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த அளவுகோலால் பார்த்தால் அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் தேறிவிடுகிறார். பதவியில் இருக்கும்போதே பேசினார். முதற் குற்றத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். நடுவரைத் திட்டிக் கைதட்டல் வாங்கும் சுலபமான வழி எதிரே திறந்து கிடக்க, அதில் போகவில்லை. சட்டை விஷயத்தை மட்டும் அந்த வாலிபரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. பத்தொன்பது வயதுப் பையன் தன் தோழர் முன்னிலையில் கேட்கும் சொல் நெடுநாள் தைக்கும்.

இனிக் களிப்பைப் பார்ப்போம். கோல் போட்டவர் மகிழக்கூடாதென்று கால்பந்து விதி எங்கும் கூறவில்லை. மகிழலாம், மிகையாக வேண்டாம், வீண் காலம் கடத்தவேண்டாம் என்றே பன்னிரண்டாம் விதி கூறுகிறது. சட்டையைக் கழற்றினாலும், முகமூடியால் முகத்தை மறைத்தாலும், வேலியின்மேல் ஏறினாலும், எதிரியைச் சீண்டும் சைகை செய்தாலும் மஞ்சள் அட்டை உண்டு. அந்தக் கோல் பின்னர் செல்லாமற் போனாலும் அட்டை நிற்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பால் வேறு வகை ஆட்டம். அங்கே எதிரியை எள்ளும் கொண்டாட்டத்திற்குப் பதினைந்து கஜம் பின்தள்ளும் தண்டனை. எல்லைக்கோட்டை எட்டுமுன்பே எள்ளினால், 2011 முதல் அந்தப் புள்ளிகளே பறிபோகும். கடல் கடந்த அந்த ஊர்களிலும் கல்லூரி ரசிகர்கள் நம் ரயில் பெட்டி மாணவர்களைப் போலவே இது நியாயமா என்று வாதிடுகிறார்கள்.

களிப்பாடல் அந்நிய நாகரிகம், நமது பண்பு அடக்கம் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இது சரியன்று. தொல்காப்பியம் வாகைத் திணையில் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்று தேரின் முன்னும் பின்னும் ஆடும் வெற்றிக் கூத்துக்குத் தனித் துறைகளே வகுத்திருக்கிறது. சடுகுடு ஆடுகிறவன் தொடை தட்டாமல் கோட்டைத் தாண்டுவதுண்டா? மல்லர் தோள் தட்டுவதை யார் தடுத்தார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டி போய்க்கொண்டிருந்த ஊரே ஆடலுக்குப் பேர் போன ஊர் அன்றோ! தில்லையில் இரண்டு ஆடல்களைப் பற்றிய மரபு உண்டு. ஒன்று சிற்சபையில் நிகழும் ஆனந்த தாண்டவம். அங்கே காலடியில் கிடப்பவன் முயலகன்; அவன் அறியாமையின் உருவம், போட்டிக்கு வந்த எதிராளி அல்லன். மற்றொன்று காளியுடன் நிகழ்ந்த போட்டி நடனம். கூத்தப்பெருமான் காலைத் தலைக்குமேல் தூக்கி ஆட, பெண்மைக்குரிய நாணத்தால் காளி அவ்வாறு செய்யமாட்டாமல் தோற்று, ஊரின் வட எல்லைக்குப் போய் அமர்ந்தாள் என்பது புராணம். அங்கே தில்லைக்காளி கோயில் இன்றும் இருக்கிறது. இறைவனின் செயலை நாம் எடைபோட வரவில்லை. ஆனால் உலகம் முழுவதும் கொண்டாடுவது எந்த ஆடலை? எதிராளியை நாணச் செய்த ஆடலை அன்று, ஆனந்த தாண்டவத்தையே. மைதானத்துக் களிப்புக்கும் இதுவே இலக்கணம் என்போம். உள்ளத்து ஆனந்தம் பொங்கி ஆடினால் அது அழகு. தோற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடினால் அது அழகாகாது.

ஆனால் எதிரே நிற்பவன் யார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். 1911 ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைப் பட்டாளத்தின் அணியை 2-1 என்று வென்று ஷீல்டைக் கைப்பற்றினர். ஒருவரைத் தவிர மற்றையோர் வெறுங்காலினர். கூட்டத்தின் பின்னே நின்று ஆட்டத்தைக் காணமுடியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கணக்கை அறிவித்தனர். முடிவு தெரிந்ததும் வங்காளிகள் தங்கள் சட்டைகளைக் கிழித்துக் கழற்றி வீசி ஆட்டினர் என்று ராய்ட்டர் செய்தி உலகுக்கு அறிவித்தது. அந்தச் சட்டைகளுக்கு எந்த நடுவர் அட்டை காட்டுவார்? ஆளப்பட்டவன் ஆள்பவனை வென்று ஆடியது சீண்டலாகாது. அது குனிந்திருந்த முதுகு நிமிர்ந்த ஓசை. மஞ்சக்குப்பத்து வாலிபர் சட்டையைச் சுழற்றியது, தம்மைப் போன்றே அரைவயிற்றுடன் பயிற்சிக்கு வரும் மற்றொரு கல்லூரிப் பையனுக்கு எதிரே. செயல் ஒன்றுதான், பொருள் வேறு.

களிப்பில் துயரமும் கலந்து வரலாம். 2023 ஜூலை 4ஆம் தேதி பெங்களூரில் குவைத்தை வென்று தெற்காசியக் கோப்பையைப் பெற்றபோது, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் ஏழு வர்ணக் கொடி ஒன்றைப் போர்த்திக்கொண்டு பதக்கம் வாங்கினார். இரண்டு மாதமாக அவருடைய மாநிலம் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அமைதி வேண்டும் என்று நாட்டாரின் கவனத்தை ஈர்க்கவே அவ்வாறு செய்ததாகவும், எவர் மனத்தையும் புண்படுத்தும் எண்ணமில்லை என்றும் அவர் விளக்கினார். அவர் எண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரு சாரார்க்கு உரிய சின்னம் மறு சாராரின் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்ற கேள்வியும் பொருளற்றதன்று. கொண்டாடுபவன் தன் உள்ளத்தை மட்டும் அறிந்தால் போதாது. பார்ப்பவன் கண்ணையும் அறியவேண்டும்.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டிருக்கையில், அந்த மாணவர்கள் ஒருவரும் நினைத்துப் பாராத ஒன்று நமது நெஞ்சில் எழுந்தது. அவர்கள் பார்த்துவிட்டு வந்த அதே கடலூரில், இந்தக் கேள்விகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட அதிக விலை கொடுத்து விடை கண்டவர்கள் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலிய கடலோரக் கிராமங்களைச் சூறையாடியதைக் கடலூரார் மறக்கமுடியாது. அதற்குப் பின்னர், பயிற்சியாளர் மாரியப்பனின் கீழ் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் பெண்களுக்கான கால்பந்துப் பயிற்சி இந்த ஊரில் வளர்ந்தது. அலையால் வாழ்வு குலைந்த குடும்பங்களின் சிறுமிகளும் அதில் பந்து பழகினர். 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் பந்தயத்தில், பெரிய ஊர்களின் சங்கங்களுக்குச் சமமாகக் கடலூரின் பெயரும் பட்டியலில் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டு மகளிர் அணி, பல ஆண்டுகள் அசைக்கமுடியாமல் இருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய விருதைப் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று இரண்டாம் முறையும் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் 2017 ஜனவரியில் சிலிகுரியில் வங்காளதேசத்துக்கு எதிரான தெற்காசிய இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்காகக் கோல் போட்டார். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் பெற்றார். கடலூர் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணியில் முன்கள வீராங்கனையாக ஆடியவர்.

வயது வந்த பெண் அரைக்கால் சட்டையுடன் தெருவில் போவதா என்று கேட்கும் சமூகம் இது. அத்தகைய பெண் கோல் போட்டுவிட்டு இரு கைகளையும் விரித்துத் துள்ளும்போது, "இதென்ன ஆட்டம்?" என்று முகஞ்சுளிக்கும் கனவான்கள் உண்டு. பையன் துள்ளினால் உற்சாகம், பெண் துள்ளினால் அடக்கமின்மை என்பது என்ன நீதி? அன்று காளி நாணித் தூக்காத காலை இன்று கடலூர்ப் பெண்கள் பந்தை நோக்கித் தூக்குகிறார்கள். அவர்கள் ஆடுவது ஒருவரையும் தாழ்த்துவதற்காக அன்று. களத்தில் நிற்கும் உரிமையையே போராடிப் பெற்றவர் அந்த உரிமையை ஒரு நிமிஷம் கொண்டாடினால், அதை மிகை என்று கூற நமக்கு நாக்கு எழாது.

மகளிர் அணிக்குப் பயிற்சி தருவோரின் வெளிப்படைப் பேச்சும் வேறு வகைப்பட்டது. அவர்கள் முதலில் உண்மை பேசவேண்டியது வீராங்கனைகளிடம் அன்று, பெற்றோரிடம். பிறகு, நல்ல தரையும் போதிய உணவும் ஆட்டம் முடிந்த பின் பிழைப்புக்கு ஓர் உத்தியோகமும் வேண்டும் என்று அதிகாரிகளிடம். கோப்பையுடன் நின்று படம் பிடித்துக்கொள்ள முன்வருபவர் பலர். இந்த உண்மைகளைக் கேட்கக் காது கொடுப்பவர் சிலர். பயிற்சியாளர் வீரர்களைக் கண்டித்தால் கண்டிப்பானவர் என்று புகழ்கிறோம். நிர்வாகத்தைக் கண்டித்தால் வாய் நீளம் என்கிறோம். இந்த வழக்கம் ஒழியாதவரை, வெளிப்படைப் பேச்சைப் பற்றி வாதிட நமக்கு அருகதை இல்லை.

ரசிகருக்கும் ஒரு கடமை உண்டு. 2018 ஜூன் மாதம் மும்பையில் இந்திய அணி சீனத் தைபே அணியை 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தாம். மூன்று கோல் போட்ட தலைவர் சுனில் சேத்ரி மறுநாள் ஜனங்களை வேண்டிக்கொண்டார்: எங்களை ஏசுங்கள், குறை கூறுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டத்திற்கு எல்லா டிக்கெட்டுகளும் விற்றுப்போயின. குறை கூறும் உரிமை வருகையினால் பிறக்கிறது. வெயிலில் நின்று பார்த்தவன் ஏசினால் அதில் அன்பு இருக்கும். ஆண்களின் ஆட்டத்துக்கு ரயிலேறி வரும் மாணவர்கள் பெண்களின் ஆட்டத்துக்கும் அவ்வாறே வருவார்களாயின் இந்த ஜில்லாவின் கால்பந்து வேறு நிலை அடையும்.

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஊர்ந்தது. வாதம் ஓய்ந்திருந்தது. அப்போதுதான் ஜன்னலோர வாலிபர் வாய் திறந்தார். "சார் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. தம் குற்றத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் என் குற்றத்தைச் சொன்னார்" என்றார்.

பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. பெரியவர் அவரைப் பார்த்து, "தம்பி, அந்தக் கோலுக்கு உனக்குப் பந்து கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

வாலிபர் எதிரே இருந்த தோழரைக் காட்டினார்.

"அடுத்த ஆட்டத்தில் கோல் போட்டால் நன்றாக ஓடு, குதி, ஆடு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் எதிரியை நோக்கி ஓடாதே. இவனை நோக்கி ஓடு" என்றார் பெரியவர்.

சிதம்பரம் வந்தது, எல்லோரும் இறங்கினோம். வெற்றி பெறும் நாளில் தமக்குப் பந்து கொடுத்தவரை நோக்கி ஓடும் பழக்கம், கால்பந்து மைதானத்தோடு நில்லாமல் நமது தேசத்துப் பொதுவாழ்விலும் பரவவேண்டும் என்பதே நமது விருப்பம்.